ஓட்டுநரின் வலக்கை

சட்டப் புத்தகத்தில் ஒரே வரிதான்:
வலப்பக்கம் திரும்பும் முன்
ஓட்டுநரின் வலக்கை வெளியே நீளவேண்டும்.
இடப்பக்கம் திரும்ப
யாருக்கும் எதுவும் சொல்லவேண்டாம்.

கிளாரி ட்ரெங்கோவின் வலக்கை
டோப்ருக் பாலைவனத்தில்
மணலுக்கடியில் இருந்தது.

வாரகல் காவல் நிலையத்துக்கு அவன் வந்தது
நாற்பத்தாறாம் வருஷம், ஜூன், கொட்டுகிற மழை.
உருளைக்கிழங்கு ஏற்றும் பழைய லாரி.
அதன் கதவோரம் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது.
மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த கை.
உள்ளே ஒரு நெம்புகோல், சைக்கிள் பிரேக் கம்பி,
கோழிக்கூட்டுக் கதவின் ஸ்பிரிங்.
இழுத்தால் எழும். விட்டால் விழும்.

"அளவு எப்படிப் பிடிச்சே?" என்றேன்.
"கையுறைய ஜோடியாத்தானே விக்கிறாங்க" என்றான்.
குளிர்காலத்துக்கு ஒன்றாக
மூன்று வலக்கை உறைகள்
புதுக்கருக்குக் குலையாமல் அலமாரியில் கிடந்தன.
ஒன்றைத் தகரத்தின் மேல் வைத்துப்
பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறான்.
வெள்ளை பெயிண்ட் அவன் அடித்தது.
புறங்கையில் ஐந்து நகங்களுக்குச் சிவப்புச் சாயம்
மேவிஸ் அடித்தது, அவனைக் கேட்காமல்.

ஓட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.
வெண்ணெய் ஆலை முனையில்
ஸ்டீயரிங்கை முழங்காலிடம் கொடுத்துவிட்டு
இடக்கையால் நெம்புகோலை இழுத்தான்.
அவ்வளவு நீளமான ஒரு வினாடியில்
அதற்கு முன் நான் உட்கார்ந்ததில்லை.
ரயில்வே கைகாட்டி போல விறைத்து எழுந்தது.
எதிரே வந்த பால்வண்டிக் குதிரை நின்றது.
திரும்பினோம்.

கை இறங்க மறுத்தது.
கோர்ட், தபாலாபீஸ், பேக்கரி, மாதா கோயில்,
இரண்டு மைல்
ஊருக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே போனோம்.
பேக்கரி வாசலில் ஒரு பையன் கூடவே ஓடிவந்து
எம்பிப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.
"கைமீறிப் போச்சு" என்றான் கிளாரி.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

நிலையத்தில் படிவத்தோடு உட்கார்ந்தேன்.
ஓட்டுநரின் வலக்கை.
எலும்பு இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.
உடம்போடு ஒட்டியிருக்கவேண்டும் என்றும் இல்லை.
'ஓட்டுநரின்' என்ற சொல்லை மட்டும்
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வேறு யாருடையது என்பதற்கு
என்னிடம் ஆதாரம் இல்லை.
முத்திரை குத்தினேன்.
ஸ்பிரிங்கை மாற்று என்றேன்.

ஆகஸ்டில் ஓர் இரவு, ரோந்து.
புல்லெல்லாம் உறைபனி.
சைக்கிள் செயின் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.
ட்ரெங்கோவ் கொட்டகையில் அரிக்கேன் வெளிச்சம்.
மூட்டைத் திருட்டு அப்போது அதிகம்.
வேலியோரம் நின்று பார்த்தேன்.

பைஜாமாவில், வெறுங்காலோடு, கிளாரி.
தகரக் கையைத் தூக்கி நிறுத்தி
அதன் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தான்.
தடவவில்லை. சொறிந்தான்,
பல்லைக் கடித்துக்கொண்டு,
தகரத்தின் சத்தம் வேலி வரைக்கும் கேட்க.
வாசலில் மேவிஸ், தோளில் கம்பளி.
"குறையுதா?" என்றாள்.
"இல்ல" என்றான்.
நிறுத்தவும் இல்லை.

டோப்ருக்கில், மணலுக்கடியில்,
எதுவோ அரித்துக்கொண்டிருந்தது போலும்.

விளக்கை அணைத்துச்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

டிசம்பரில் லாரி மறுபடி சோதனைக்கு வந்தது.
ஸ்பிரிங் புதிது. கம்பிக்கு எண்ணெய்.
நகங்களுக்கு இரண்டாம் பூச்சு.
உள்ளங்கையில் மட்டும் வெள்ளை போய்
நான்கு விரல் அகலத்துக்குத் தகரம் தெரிந்தது.
படிவத்தில் 'சேதத்தின் காரணம்' என்று
ஒரு கட்டம் இருக்கிறது.
மழை என்று எழுதினேன்.

கிளாரி அதைத் தலைகீழாகவே படித்துவிட்டு
லாரியில் ஏறி நெம்புகோலை இழுத்தான்.
இந்த முறை
ஒழுங்காக இறங்கியது.